காலரில் ஒரு வைக்கோல்

நேற்றிலிருந்து வீடு முழுவதும் பலாப்பழ வாசனை. உங்கள் மகள் சென்னையிலிருந்து வரும் வழியில் பண்ருட்டியில் ஒரு பழம் வாங்கி, சுற்றியிருந்த வைக்கோலோடு கூடத்திலேயே வைத்துவிட்டாள். பின்பக்கம் கொண்டுபோய் வை என்றேன், கேட்கவில்லை. அந்த வாசனை என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. காரணம் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மைசூரில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறதாம். உங்களிடம் இருந்த அதே வகை, அதே கறுப்பு. விற்பவர் லாரியில் ஏற்றி அனுப்பத் தயார். இவளோ, தானே போய் எடுத்து, இங்கே மந்தாரக்குப்பம் வரை ஓட்டிவந்து என் வாசலில் நிறுத்துவேன் என்கிறாள். ஐம்பது வயதில் இது தேவையா என்று கேட்டேன்.

"அப்பா அந்தக் காலத்துலயே மெட்ராஸ்லேர்ந்து ஓட்டிட்டு வந்தாரு. நான் அவரு பொண்ணும்மா."

இதற்கொரு பதிலை நீங்கள் கண்மூடும் முன்பே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நாம் நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்த நாட்கள். பதிந்துவைத்த வண்டிக்கு ஒருவழியாக முறை வந்தபோது, சுரங்கத்தில் உங்கள் ஷிப்டு முழுவதற்கும் செய்தி தெரிந்திருந்தது. மெட்ராஸ் கடைக்காரர் லாரியில் அனுப்புவதாகத்தான் எழுதியிருந்தார். அதுவே நல்லது என்றேன். நீங்கள் ஓட்டிப் பழகியது நண்பரின் வண்டியில், டவுன்ஷிப் சாலைகளில். பிளாக்குக்குப் பிளாக் நேராக, அகலமாக, கம்பெனி பஸ் போனபிறகு ஆளில்லாமல் கிடக்கும் சாலைகள். அவற்றில் ஓட்டியவர்கள் எல்லாரும் தங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்றே நம்பினார்கள். நெய்வேலிக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நம்பிக்கை அது.

"வண்டி லாரியில வந்து எறங்குனா அது சாமான். நான் ஓட்டிட்டு வந்தாத்தான் வண்டி" என்றீர்கள். வழியில் விழுந்துவைத்தால் என்று கேட்டதற்கு, "விழாம ஓட்ட ஒரு ஜெபம் உங்க கான்வென்ட்ல சொல்லித் தரலையா?" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் மெட்ராஸுக்குப் போட்டுப்போக வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்ததும் வண்டியைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் தருவதாகப் பங்குச் சாமியார் ஒப்புக்கொண்டிருந்தார். நீங்கள் வரவில்லை. கோவில் மணி அடித்தது, நான் போகவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன். ஒவ்வொரு இன்ஜின் சத்தத்துக்கும் நின்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மதுரைக்கார அம்மா ஆரத்தித் தட்டும் எலுமிச்சம்பழமுமாக நின்று நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார்.

"சார் தள்ளிக்கிட்டே வர்றாரு போல" என்றார். எனக்காகத்தான் அந்த வேடிக்கை என்று புரிந்தது. மகள் இரும்புக் கேட்டில் ஏறி நின்று, அப்பா வந்தாச்சா, வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இருட்டத் தொடங்கும்போது வந்தீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு முறை ஹாரன் அடித்து, தெருவே பார்க்க வந்து நின்றீர்கள். எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். முகத்தில் புழுதி இல்லை. பக்கத்தில் வந்ததும், பெட்ரோல் வாசனையை மீறிக்கொண்டு பலாப்பழ வாசனை. சட்டைக் காலரில் ஒரு வைக்கோல்.

மெட்ராஸில் பலாப்பழத்தை இறக்கிவிட்டுக் காலியாகப் பண்ருட்டிக்குத் திரும்பும் லாரிகளில், பழத்துக்கு அடியில் போட்ட வைக்கோல் அப்படியே கிடக்கும் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது?

"அவ்வளவு தூரம் வந்தும் முகத்துல களைப்பே இல்லையே சார்" என்றார் மதுரைக்கார அம்மா.

நான் காலரைச் சரிசெய்வதுபோல அந்த வைக்கோலை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் காது சிவந்தது. "முதல்ல காப்பி குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். உங்களிடம் கோபப்பட நாள் முழுதும் சேர்த்துவைத்திருந்த சொற்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. உயிரோடு வந்துவிட்டீர்கள். அது போதுமாக இருந்தது.

அந்தப் பயணத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்! செங்கல்பட்டு வரை விவரம் கொட்டும். திண்டிவனம் வந்ததும் "இன்னொரு காப்பி கிடைக்குமா?" என்பீர்கள். நான் காப்பியோடு வரும்போது கதை பண்ருட்டியைத் தாண்டியிருக்கும். ஏன் லாரியில் ஏற்றினீர்கள் என்று நானும் கேட்டதில்லை. வண்டி மக்கர் செய்ததா? எதிரே வந்த பஸ்களைப் பார்த்துப் பயந்தீர்களா? எதையும் அரைகுறையாக விடாதவள் நான். இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்.

பிறகு அதே வண்டியில், அதே ஆளில்லாத சாலைகளில் மகளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். அதனால்தான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் நின்றுவிடுவாள்; வண்டி பத்திரமாக லாரியில் வந்து சேரும். ஆனால் அவள் மனதில் மெட்ராஸிலிருந்து ஓட்டிவரும் அப்பா திண்டிவனத்திலேயே இறங்கிவிடுவார். இரவெல்லாம் புரண்டு படுத்தும் எனக்கு வழி தெரியவில்லை.

இன்று காலை பையோடு கிளம்பி நின்றாள். உங்களைப் போலவே, போகட்டுமா என்று கேட்காமல், போகிறேன் என்றாள்.

"போய்ட்டு வா" என்றேன். "வழியில முடியலன்னா, பயமா இருந்தா, வீம்பு பண்ணாம லாரியில ஏத்திடு. ஊர் எல்லையில எறக்கி ஓட்டிட்டு வா. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "அப்படியெல்லாம் அப்பா செய்வாராம்மா?"

"உங்கப்பாவுக்கு என்கிட்ட திரும்பி வரணும்னு இருந்துச்சு. நீயும் வந்து சேரு" என்றேன்.

அவள் போய்விட்டாள். இன்னும் மைசூரே போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள். ஆனால் நான் இப்போதே வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு கையில் செல்போன். இன்னொரு கை, எதையோ மறைப்பதுபோல, தானாகவே மூடியிருக்கிறது.