பத்தொன்பதாம் தேதி அறுவையை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் (ஓய்வு),
பொது மருத்துவமனை ஊழியர் குடியிருப்பு,
வீட்டு எண் 14.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அரசுக் காப்பகங்களின் தலைமை அலுவலகம்.

பொருள்: பெண்கள் காப்பகத்தில் உள்ள என் தங்கை மகளுக்கு (வயது பதினைந்து) இம்மாதம் 19-ஆம் தேதி செய்யவிருக்கும் கருப்பை நீக்க அறுவையை நிறுத்துதல் – தொடர்பாக.

பார்வை: பிள்ளையை என் பொறுப்பில் விடக் கேட்டு நான் அனுப்பிய நான்கு மனுக்கள். ஒன்றுக்குப் பதில் வந்தது. "பரிசீலனையில் உள்ளது."

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது ஐந்தாவது மனு. முதல் நான்கையும் பணிவாகத்தான் எழுதினேன். இதையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன். எங்காவது குரல் உயர்ந்திருந்தால் அதை அலுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள், மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. அறுவை நடக்கப் போவதைக் காப்பகம் எனக்குச் சொல்லவில்லை. சலவைச் சீட்டு சொன்னது. எந்த அறுவைக்கும் முதல்நாளே எத்தனை விரிப்பு, என்ன அளவு அங்கி என்று சலவைப் பிரிவுக்குச் சீட்டு வந்துவிடும். "பெண்கள் காப்பகம், சிறிய அளவு அங்கி மூன்று, 19-ஆம் தேதி" என்று ஒரு சீட்டு இந்த முறை முன்கூட்டியே வந்திருக்கிறது. முப்பது வருடம் அந்தச் சீட்டுகளைப் படித்தவள் நான். எனக்கு யார் காட்டினார்கள் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன்.

3. காப்பகத்துக்குப் போய், எங்கள் பிள்ளைக்கும் கருப்பையை எடுக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். பொறுப்பாளர் அம்மா நல்ல மாதிரி, உட்காரச் சொன்னார். "அவ நல்லதுக்குத்தான் அக்கா. மாசாமாசம் யாரு பாத்துக்கறது? நாளைக்கு எவனாவது ஏதாவது பண்ணிட்டான்னா?" என்றார். எவனாவது ஏதாவது செய்வான் என்ற பயம் இருந்தால் அந்த எவனைத்தானே கவனிக்க வேண்டும்? பிள்ளையின் வயிற்றைக் கிழித்தால் அவன் திருந்திவிடுவானா? எனக்கு இது விளங்கவில்லை. எனக்கு விளங்காது என்று கோப்பிலும் எழுதியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

4. நாற்பத்து நான்கு வருடம் முன்பு அம்மா இறந்ததும் என்னையும் தங்கையையும் இதே காப்பகத்தில் சேர்த்தார்கள். எனக்குப் பதினைந்து வயது, அவளுக்கு நாலு. மூன்றாம் நாள் ஒரு டாக்டர் வந்து அறிவுச் சோதனை வைத்தார். ஒரு வீட்டுப் படத்தைக் காட்டி, இதில் என்ன குறைகிறது என்றார். "ஆள் இல்ல சார்" என்றேன். கதவுக்குக் கைப்பிடி இல்லை என்பதுதான் விடையாம். அம்மா போய் ஒரு வாரம்கூட ஆகாத நேரத்தில் என் கண்ணுக்குக் கைப்பிடியா தெரியும்? அப்போதே தங்கை அவர் மடியில் மூத்திரம் பெய்துவிட்டாள். இருவருக்கும் சேர்த்து "மந்தபுத்தி, பரம்பரை" என்று எழுதினார். குடும்ப வரைபடம் ஒன்றும் போட்டார். அதில் பெண்ணென்றால் வட்டம், குறையுள்ளவர் என்றால் உள்ளே கறுப்பு. ஒருநாளும் பார்த்திராத எங்கள் அம்மாவுக்கும் கறுப்பு அடித்தார்.

5. ஏழு மாதம் கழித்து என்னையும் இன்னும் ஏழு பெண்களையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். "வயித்துல சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்றார் நர்ஸ். எட்டுப் பேருக்கும் ஒரே வாரத்தில் கட்டி. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் கட்டைவிரலைப் பிடித்து உருட்டினார்கள். "நன்கு புரிந்துகொண்டு சம்மதிக்கிறேன்" என்று அந்தத் தாளில் அச்சடித்திருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

6. அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நான் எழுதவில்லை. படித்தவர்கள், இதமாகப் பேசியவர்கள். வரவேற்பறையில் நல்ல விதையும் சொத்தை விதையும் வரைந்த பெரிய படம் மாட்டியிருந்தது. நாட்டில் தரமான பிள்ளைகள் பிறக்க வேண்டும், தரமில்லாதவர்கள் பெறாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது என்று பெரியவர்கள் வந்து பேசுவார்கள், நாங்கள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டுவோம். எங்களைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியாமலே தட்டினோம். அப்போது சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. பிறகு சட்டத்தை நீக்கினார்கள், படத்தையும் கழற்றினார்கள். கோப்பு மட்டும் அலமாரியில் இருக்கிறது. போன மாதம் யாரோ தங்கையின் கறுப்பு வட்டத்துக்குக் கீழே கோடு இழுத்து அவள் மகளையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த மை இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

7. என் சொந்தக் கதையை நீட்டப் போவதில்லை. மாதவிலக்கு நின்றதும் அந்தக் கட்டியால்தான் என்று நம்பியிருந்தேன். கல்யாணமாகி மூன்று வருடம் குழந்தை இல்லாமல் டாக்டரம்மாவிடம் போனபோதுதான் கட்டி என்று எடுத்தது கருப்பையை என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் பொது மருத்துவமனையின் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தவர். "சரி வா, வீட்டுக்குப் போலாம், பசிக்குது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை, சாகும் வரை. நான் அழுதேன், இப்போதும் சில நாள் அழுகிறேன்.

8. தங்கை சின்னவளாக இருந்ததால் தப்பினாள். அவளுக்குப் பிறந்தவள்தான் வாண்டு. நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம். போன வருடம் தங்கை இறந்ததும் பிள்ளையை என்னிடம் தராமல் காப்பகத்துக்குக் கொண்டு போனார்கள். அவள் மெதுவான பிள்ளைதான், ஐயா. மறைக்கவில்லை. படிப்பு ஏறவில்லை, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போடுவாள். அவள் கெட்டிக்காரி, சோதனைதான் தப்பு என்று நான் வாதாட வரவில்லை. மெதுவான பிள்ளையின் வயிறும் அவளுடைய வயிறுதான் என்று சொல்ல வந்தேன்.

9. என் ஆட்சேபணையைக் காப்பக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் தம்பி அந்தக் கோப்பை என் முன்னாலேயே புரட்டிவிட்டு, "அம்மா, உங்களுக்கே புரிஞ்சுக்கற திறன் இல்லேன்னு இதுல இருக்கே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பதினைந்து வயதில் என் வயிற்றை அறுக்க "சரி" என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அறிவு இருந்ததாம். ஐம்பத்தொன்பது வயதில் "கூடாது" என்று சொல்லும் அளவுக்கு இல்லையாம். நடுவில் இதே அரசு மருத்துவமனையில் இருபத்திரண்டு பேருக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். அறுவை அறைக்குப் போகும் துணி சுத்தம் என்பதற்கு என் கையெழுத்துதான் சான்று. அதை நம்பித்தான் டாக்டர்கள் கத்தியை எடுத்தார்கள்.

10. ஆகவே, 19-ஆம் தேதி அறுவையை உடனே நிறுத்தி ஆணையிட வேண்டுகிறேன். அந்தச் சீட்டில் மூன்று அங்கிகள் இருக்கின்றன. மற்ற இரண்டு பிள்ளைகள் யார், அவர்களுக்கு மனு எழுத ஆள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன். கோப்பைத் திருத்துவதும் பிள்ளையை என்னிடம் தருவதும் பிறகு ஆகட்டும், காத்திருந்து பழகிவிட்டேன். அறுவை நடந்துவிட்டால் அதைத் திருத்த எந்த ஆணையாலும் முடியாது.

11. ஒன்று சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு பார்வையாளர் நேரத்தில் வாண்டுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி என்று சொல்லவில்லை. எதை எடுக்கப் போகிறார்கள், எடுத்தால் பிறகு என்ன இருக்காது என்று அவளுக்குப் புரியும் வரை மூன்று தடவை சொன்னேன். இது விதிமீறல் என்றால் தண்டனையை ஏற்கிறேன். இதுவரை அவளிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவள் எழுதித் தந்ததை இணைத்திருக்கிறேன்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,

இடம்: காப்பகத்தின் வெளிவாசல்
நாள்: இம்மாதம் 12

(கையெழுத்து)
சிறுமியின் பெரியம்மா

இணைப்பு:
அ) என் பழைய சம்மதத் தாளின் நகல்.
ஆ) என் பணிச் சான்றிதழின் நகல்.
இ) சிறுமி தன் கைப்பட எழுதிய தாள். எழுதி முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: வேண்டாம்.