சோதனைச் சாவடியில் ஐம்பது நிமிடம்

1 மார்ச் 2018

லுத்ஃபி ஐயா அவர்களுக்கு,

என் பெயர் திர்ஸா. அஃபூலாவுக்குப் பக்கத்தில் ஒரு பால்பண்ணைக் கிராமத்தில் இருக்கிறேன். உங்கள் மனைவி நவால் நெஞ்சுவலியோடு ஜெனின் ஆஸ்பத்திரிக்குப் போன டாக்ஸியை ஐம்பது நிமிடம் நிறுத்தி வைத்த சிப்பாய்களில் ஒருவன் என் மகன் இத்தாமர். மூன்று வருடமாக இதை எழுதி எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வந்து, முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன்பின் நீங்கள் திட்டினாலும் சரி, கதவைச் சாத்தினாலும் சரி.

இதைக் கொண்டு வரும் ருதைனா எங்கள் பண்ணையில் வேலை செய்யும் நாசரேத்து அரபுப் பெண். சனிக்கிழமைதோறும் ஜெனினுக்குக் காய்கறி வாங்க வருகிறாள். பதிலை அவளிடம் கொடுக்கலாம்.

திர்ஸா

10 மார்ச் 2018

இத்தாமரின் அம்மாவுக்கு,

எங்கள் ஊரில் ஒரு பெண்ணை மரியாதையாகக் கூப்பிடுவது மூத்த மகனின் பெயரைச் சொல்லித்தான். எழுதும்போது கை கூசியது. வேறு விதமாக எழுதத் தெரியவில்லை.

நீங்கள் இங்கே வர முடியாது. சாலையில் சிவப்புப் பலகை வைத்திருக்கிறார்கள், பாலஸ்தீனப் பகுதிக்குள் இஸ்ரேலியர் நுழைவது குற்றம் என்று; ருதைனா போன்ற அரபுக்காரர்களை மட்டும் விடுகிறார்கள். நானும் அங்கே வர முடியாது. பதினெட்டு வருடம் உங்கள் பக்கம் கொத்தனார் வேலை பார்த்தேன். நவால் போன மறுவாரமே அனுமதிச் சீட்டை ரத்து செய்துவிட்டார்கள். மனைவியைப் பறிகொடுத்தவன் பழிவாங்க வருவானாம்.

மன்னிப்பு எனக்கு வேண்டாம். அவள் சாகும்போது நான் ஹதேராவில் மூன்றாம் மாடியில் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தேன். டாக்ஸிக்காரன் ஃபக்ரியைத் தூரத்தில் நிற்க வைத்துவிட்டார்களாம். ஜன்னலோரம் நின்றவன் கண்ணாடி போட்ட பையன் என்கிறான். உங்கள் மகன் கண்ணாடி போடுவானா? போடுவான் என்றால் அவனிடம் கேளுங்கள். கடைசியாக அவள் என்ன பேசினாள்? அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

லுத்ஃபி

22 மார்ச் 2018

லுத்ஃபி ஐயாவுக்கு,

போடுவான்.

கேட்டேன். பால் கறந்துவிட்டு வந்து சாப்பாட்டைத் தட்டோடு அறைக்கு எடுத்துப்போகிறவன், அன்று தட்டை அப்படியே வைத்துவிட்டான். "அந்த ஆளுக்கு என்னம்மா வேணும்? மன்னிப்பா? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். அதை மட்டும் கேக்காதே" என்றான். கதவைத் தாழ் போட்டுக்கொண்டான். மூன்று வருடமாக அந்தக் கதவு அப்படித்தான். அவனுக்குள் என்ன இருக்கிறதோ என்று பெற்றவளுக்கே பயமாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

திர்ஸா

7 ஏப்ரல் 2018

இத்தாமரின் அம்மாவுக்கு,

பொறுக்கச் சொல்கிறீர்கள். பொறுமைக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை.

கடிதம் வருவது தெரிந்து அண்ணன் பிடித்துக்கொண்டார். "அவங்க மனசு லேசாகணும், அதுக்கு நீ சுமைகூலியாடா?" என்றார். பாதி நியாயம் அவர் பக்கம். காபிக் கடையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. இஸ்ரேல்காரியோடு உறவு கொண்டாடுகிறேனாம். உங்கள் ஊரிலும் உங்களை இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த மாதத்துக்குள் பதில் வராவிட்டால் ருதைனாவிடம் இனிக் கடிதம் வாங்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

லுத்ஃபி

20 ஏப்ரல் 2018

லுத்ஃபி ஐயாவுக்கு,

நேற்று முன்தினம் போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள். காலை பதினொரு மணிக்குச் சங்கு ஊதியதும் தொழுவத்தில் எல்லோரும் வேலையை விட்டு எழுந்து நின்றோம். இரண்டு நிமிடம். சங்கு ஓய்ந்து மற்றவர்கள் வேலைக்குத் திரும்பிய பிறகும் இத்தாமர் நின்றபடியே இருந்தான். அங்கேயே சொன்னான். சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்த அம்மா டாக்ஸி ஜன்னலை இறக்கி ஹீப்ருல கத்தினாங்கம்மா. 'என்னடா, தூங்கவா வந்தீங்க? சீக்கிரம், சீக்கிரம்! வெயில் ஏறுது!' அப்படியே கட்டட மேஸ்திரி மாதிரி. எல்லாரும் சிரிச்சோம். நெஞ்சுவலின்னு டிரைவர் சொன்னான். இப்படி ஜோக் அடிக்கிறவங்களுக்கு என்ன வலின்னு விட்டுட்டோம். இன்னொரு தடவை சொல்லுங்கன்னு நான்தான் கேட்டேன். சொன்னாங்க. மூணாவது தடவை கேட்டப்போ சொல்லலை."

இதை அனுப்பலாமா என்று இரண்டு நாள் தவித்தேன். நீங்கள் கேட்டது இதுதான். இனி நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை.

திர்ஸா

28 ஏப்ரல் 2018

இத்தாமரின் அம்மாவுக்கு,

அந்த வார்த்தைகள் ஹதேரா மேஸ்திரியுடையவை. வார வேலை முடிந்து வியாழக்கிழமை வீடு திரும்பியதும் அவர் கத்துவதை நடித்துக் காட்டுவேன். நவால் விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு என்னை எழுப்பவும் கோழி விரட்டவும் அதையே கத்த ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்த ஹீப்ரு அவ்வளவுதான். வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்பதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் ஒரு நாள் கூடவா எனக்குத் தோன்றவில்லை?

உங்கள் மகன் மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தைகளை அவள் வாயில் போட்டவன் நான் என்பதை அண்ணனிடம் சொல்ல முடியாது, ஊரில் ஒருவரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் புரிந்துகொள்ளக் கூடியவன் உங்கள் மகன் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது.

அதனால் அடுத்த கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம். அவன் எழுதட்டும். வீட்டில் அதைக் கத்தும்போதெல்லாம் அவளுக்கே சிரிப்பு வந்து கத்தல் பாதியில் நின்றுவிடும். அன்றைக்கு அவனும் மற்ற சிப்பாய்களும் சிரித்தபோது அவளும் சிரித்தாளா என்று அவனைக் கேட்கிறேன்.

லுத்ஃபி