பெண் பார்க்க வந்தவர்களும் களவா மீனும்

1983 நவம்பர் 13, ஞாயிறு

எரிச்சலில் தூக்கம் வரவில்லை. என் மகள் ஜமீலாவைப் பெண் பார்க்க இன்று ஆலப்புழையிலிருந்து வந்தார்கள். முன்னறையில் என் வீட்டுக்காரரின் கடல்மீன் தொட்டி. இன்றைக்கு ஒருநாள் துணி போட்டு மூடச் சொன்னேன். கேட்கவில்லை.

ஜமீலா சாயாத் தட்டோடு வந்து நின்றாள். அந்நேரம் பார்த்துப் பெரிய களவா மீன் வாயைப் பிளந்தது. விரல் நீளம்கூட இல்லாத நீலக்கோட்டு மீன் ஒன்று அதற்குள் நுழைந்தது.

"யா அல்லா, முழுங்கப் போவுதே!" என்று மாப்பிள்ளையின் உம்மா கத்தினாள். எல்லோரும் தொட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பல்லைச் சுத்தம் பண்ணுது. களவா அதைக் கடிக்காது" என்று இவர் பாடமே நடத்தினார். சாயா ஆறிப்போனது. பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளை மோதிரம் போட்ட விரலால் தொட்டிக் கண்ணாடியை ஓங்கித் தட்டினான். சின்ன மீன் எப்படியோ தப்பி வெளியே வந்தது.

போகும்போது, "பொண்ணைப் பிடிச்சிருக்கு" என்றார்கள். எப்போது பார்த்தார்களாம்?

பாத்திரம் கழுவும்போது ஜமீலா சொன்னாள். "உம்மா, சின்னது வாய்க்குள்ள இருக்கும்போது அவன் தட்டினான், கண்டீங்களா? வாய் மூடுதான்னு பாக்க. எனக்கு அவன் வேண்டாம்."

கண்டேன்தான். ஆனால் தரகரிடம் இதை எப்படிச் சொல்வது? இவர் குறட்டை விடுகிறார். காலையில் இவரையே அனுப்புகிறேன். இவர் மீன், இவர் மகள்.