திங்கள் மாலை விமானம்

9 ஜூலை, புதன்
செப்டம்பர் 26, பிரேமனில் செனோ அண்ணன் கல்யாணம். பதிவு அலுவலகத்தில், பதினைந்து நிமிடம். எனக்கும் அம்மாவுக்கும் எட்டு நாள் விடுப்பு, 22இலிருந்து. அதற்குள் ரயிலில் ஜகார்த்தா போய், அங்கிருந்து ஜெர்மனி போய்த் திரும்ப வேண்டும். 24, புதன் விமானம் ஆளுக்கு இரண்டு கோடி ரூபியா. நூலகத்தில் என் நான்கு மாதச் சம்பளம். 23, செவ்வாய் விமானம் அதில் பாதி.

அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "இருபத்திமூணு என்ன நாள்?"
"செவ்வாய்."
"அது தெரியுது. என்ன செவ்வாய்?"

நாட்காட்டியைப் பார்த்தேன். செவ்வாய்-போன்: ஏழு நாள் வாரத்தின் செவ்வாயும் எங்கள் ஜாவாவின் ஐந்து நாள் வாரத்தின் போனும் சேரும் நாள். அப்பா இறந்த நாள். முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வரும். அன்று எங்கள் வீட்டில் பயணம் கிடையாது, எதையும் வாங்குவதும் கிடையாது.

அம்மா முப்பது வருடமாக ஊசி போடும் நர்ஸ். இருந்தாலும்.

11 ஜூலை, வெள்ளி
தேடினேன். டிக்கெட் விலை நேற்றைவிட ஏறியிருக்கிறது.

12 ஜூலை, சனி
பக்கத்து மேசை ரெத்னோ: "நீ டிக்கெட் எடுக்கறதுக்குள்ள உங்கண்ணனுக்குப் பேரனே பொறந்துடுவான்டி."

மதியம் கிடைத்தது. 22 திங்கள், இரவு 8.40. இரண்டு இடத்தில் மாறி ஏற வேண்டும், இருபத்தேழு மணி நேரம். ரத்து செய்தால் காசு திரும்பாது. ஆனால் மலிவு; செவ்வாய்க்கு முந்தைய நாள். இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். என்மேல் எனக்கே மதிப்பு கூடியது.

13 ஜூலை, ஞாயிறு
அம்மா கண்ணாடி போட்டுப் படித்தாள்.
"எட்டு நாப்பது — ராத்திரியா?"
"ஆமா."
"பொழுது சாஞ்சப்புறம் அது திங்களா?"

மாலைத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கோடு எங்களுக்கு அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. சின்ன வயதிலிருந்து தெரியும். எப்படி மறந்தேன்? விமானக் கம்பெனியின் நள்ளிரவை நம்பியிருக்கிறேன்.

"நீ போயிட்டு வா. நான் வரல."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை.

20 ஜூலை, ஞாயிறு
அண்ணன் வீடியோவில். "நீங்க ஏறுறப்ப இங்க மத்தியானம் மூணு நாப்பதுமா. வெயில் சுள்ளுனு அடிக்கும். இங்க அது திங்கள்தான்."
"உங்கப்பா செத்தது அங்கயாடா?"

அப்புறம் அவன், "அவ பக்கம் பதினாலு பேர் வராங்கம்மா. என் பக்கம் உக்கார ஆள் வேணாமா?"

அம்மா "சாப்டியா?" என்று கேட்டாள். வைத்துவிட்டாள்.

6 ஆகஸ்ட், புதன்
அம்மா விசாவுக்குக் கைரேகை வைக்க வந்தாள். "ரேகைதானே, வெச்சுட்டுப் போறேன்." கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு
அவள் பெட்டி கட்டில்மேல் திறந்தே கிடக்கிறது. காலி.

22 செப்டம்பர், திங்கள்
ஜகார்த்தா போகும் ரயிலில்.

காலை ஐந்தரைக்கு அம்மா வீட்டில் இல்லை. ஆறேகாலுக்கு வந்தாள். செருப்பெல்லாம் சிவப்பு மண். கையில் பூ சுற்றிய வாழையிலை, பூ இல்லாமல். அப்பாவின் கல்லறைக்குப் போயிருக்கிறாள்.

"சொல்லிட்டு வந்துட்டேன்."
"என்ன சொன்னீங்க?"
"உங்க நாள்லதான் பறக்கப் போறோம், வேற வழியில்ல, உங்க பொண்ணு படிச்சவன்னு சொன்னேன். உங்க புள்ள கல்யாணம், குறுக்க வந்தீங்கன்னா அடுத்த தடவ பூ கிடையாதுன்னும் சொன்னேன்."

இருபது நிமிடத்தில் பெட்டியை அடைத்துவிட்டாள். கைப்பெட்டி ஏழு கிலோதான் அனுமதி. அதில் மூன்று கிலோ பொரித்த தெம்பே, எங்கள் ஊர் சோயாக் கட்டி. இடம் பண்ண என் பெட்டியிலிருந்து சட்டைகளை எடுத்து வெளியே வைத்தேன்.

இப்போது எதிரில் தூங்குகிறாள், வாய் திறந்து.

26 செப்டம்பர், வெள்ளி
பதினைந்து அல்ல, பதினோரு நிமிடம். எங்கள் பக்கம் இரண்டு நாற்காலி. இரண்டிலும் ஆள்.

28 அக்டோபர், செவ்வாய்
மதியத்திலிருந்து அம்மா கையில் என் ஃபோன். "ஏய், பிரேமன் ஏப்ரல்ல கொள்ளை மலிவுடி! மூணு சீட்டுதான் மிச்சமாம். அழுத்தட்டா?"

நாட்காட்டியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மறுபடி செவ்வாய்-போன்.

"இப்ப வேணாம்மா. பாங்கு கேக்கட்டும்."

அம்மா என்னையே பார்த்தாள். ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சம் கழித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டாயிடுச்சு."

காத்திருந்தோம்.