அம்மா ஏறும் இடம்

தம்பி,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒன்று கோட்டுக்கு மேலே ஏறுகிறது, ஒன்று கீழே விழுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், பார்த்தாயா! கைநாட்டு வைத்த கை இது. கோயில் மண்டபத்தில் வயசாளிகளுக்கு நடக்கும் வகுப்பில் பழகினேன். ஒவ்வொரு சொல்லையும் முடித்துவிட்டுத் தள்ளி வைத்துப் பார்க்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது. உன்னிடம் காட்ட முடியவில்லையே என்பதுதான் குறை.

தாளுக்குப் பக்கத்தில் உன் மெமரி கார்டு இருக்கிறது. நகத்தளவுதான். நம் லயத்து வீட்டு வரிசை இப்போது இதற்குள் மட்டும்தான் இருக்கிறது.

யாரோ வெளிநாட்டுக்காரன் செய்த பஸ் விளையாட்டுக்குள் நீ நம் ரோட்டைச் செருகினாய். ஹட்டனில் இருந்து நம் லயம் வரைக்கும் ஒவ்வொரு வளைவும் அப்படியே. அதற்கு மோட் என்று பேர் சொன்னாய். கண்டக்டர் குரலும் உன்னுடையதுதான். முதல் நாள் என்னை ஓட்டச் சொன்னாய். நான் பஸ்ஸை நேரே தேயிலைக்குள் இறக்கினேன். உன் அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லவேளை, ஒங்கப்பாவ பேக்டரியிலயே வச்சிருக்காங்க. லொறிய குடுத்திருந்தா தோட்டமே காலி" என்றாள்.

மலை சரிந்த அன்று நான் ஹட்டனில் பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டேன். லயம் போனது. நீயும் அவளும் போனீர்கள். மோட்டுக்கு நீ எழுதி வைத்த மூலமெல்லாம் இருந்த கம்ப்யூட்டரும் மண்ணுக்குள். செய்து முடித்த மோட் மட்டும், உன்னோடு படித்த செல்வியிடம் இந்தக் கார்டில் இருந்தது. அவள் கொட்டகலையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறாள்.

தினமும் அங்கே போய் ஓட்டினேன். ஒரு நாள் விளையாட்டு தானாகவே புதுசாக மாறிக்கொண்டது. உன் மோட் திறக்கவில்லை. பழைய விளையாட்டு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. உன்னை இரண்டாம் தடவை மூடியது போல இருந்தது.

மோட்டைத் திருத்தச் சொல்லி அழுதேன். செல்வி தலையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இது செஞ்சு முடிச்ச தேயிலத் தூள் மாதிரி. திரும்ப கொழுந்தாக்க ஏலாது. அங்கங்க ஒரு எண்ண மாத்திப் பாக்கலாம், அவ்வளவுதான்."

பேக்டரியில் காலம் கழித்தவனுக்கு அது புரியாதா?

மோட்டைப் பிரித்துத் திரையில் போட்டாள். எண்ணும் குறியுமாக ஒரே குப்பை. அதன் நடுவே தமிழ் எழுத்து. நான் விரல் வைத்துக் கூட்டிப் படித்தேன். அம்மா ஏறும் இடம். வகுப்புக்கு வெளியே நானாகப் படித்த முதல் வரி, நீ எழுதியது.

புது விளையாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி பஸ் எண்ணை அவள் மாற்றியதும் மோட் ஓடியது. ஆனால் பேக்டரி வளைவில், கொழுந்துச் சாக்கோடு உன் அம்மா நிற்கும் இடம் வந்ததும் திரை இருண்டது. நீ அவளை அங்கே நிற்க வைத்த முறை புது விளையாட்டில் இல்லையாம். அந்த இடத்தில் நிற்காமல் போகச் செய்தால் லயம் வரை போகலாம் என்றாள் செல்வி. வேறு வழி தெரியாமல், ஒரு நகல் எடுத்து அப்படிச் செய்யச் சொன்னேன்.

வளைவில் யாருமில்லை. பஸ் தாண்டியது. உன் குரல் மட்டும் வந்தது: "அம்மா ஏறிட்டாங்க. ரைட், போலாம்."

லயம் தெரிந்தது. நம் கதவும் தெரிந்தது. நான் பிரேக்கை அழுத்திவிட்டேன்.

"புள்ள, அவ இல்லாம நான் எப்படி உள்ள போவேன்?" என்றேன். செல்வி நகலை அழித்துவிட்டு, கார்டை என் கையில் வைத்தாள். அடுத்த கிழமை பௌர்ணமி, போயா லீவுக்குக் கடை பூட்டு, அவளை வளைவில் நிற்க வைக்க மறுபடி உட்காருவோம் என்றாள்.

எனக்கு நம்பிக்கை குறைவுதான், தம்பி. ஆனால் உன் குரல் காதிலேயே இருக்கிறது. அவள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் போயா முடிந்ததும் எழுதுகிறேன். அதுவரைக்கும் பஸ்ஸை எடுக்க மாட்டேன்.

அப்பா