நான் முதலில் பார்த்த உன் பெறுபேறு

இன்று காலை ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தில் திகதி முத்திரை குத்தப்போன கை உன்னை நினைத்து அப்படியே நின்றுவிட்டது. அக்குறணை ஊர்ப் பிள்ளை. ஒரு பாடத்துக்கு அநியாயமாகப் புள்ளி குறைத்துவிட்டார்கள் என்று மேன்முறையீடு. இரண்டு வாரக் கெடு முடிந்து இரண்டு நாள். உம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாராம். பிந்திய காரணத்தைப் பீடாதிபதிக்குத் தனிக் கடிதமாக எழுது, ஆஸ்பத்திரித் துண்டையும் சேர்த்துக் கொடு என்றேன். அதற்குமேல் ஒரு கிளார்க்கால் என்ன செய்ய முடியும்? ஆமாம், நாம் படித்த அதே பல்கலைக்கழகப் பீடத்து அலுவலகத்தில்தான் எனக்கு இப்போது வேலை. நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

நம் இறுதி வருடப் பெறுபேற்றை விடுமுறையில்தான் பலகையில் ஒட்டினார்கள். நீ தெல்தோட்டையில் அக்காவின் கல்யாண வேலையில் இருந்தாய். நான் கண்டி டவுன்காரி, போய்ப் பார்த்தேன். ஒரு பாடத்தில் உனக்குச் சித்தியில்லை. இடைத் தேர்வுக்கு நீ சமுகமளிக்கவில்லை என்று பக்கத்தில் குறிப்பு. எனக்கு முன் கதிரையில் இருந்து, மேலதிகத் தாள் வேறு வாங்கி எழுதியவள் நீ.

அன்று மாலையே போன் எடுத்தாய்.

"ரிசல்ட் போட்டுட்டாங்களாடி?"

"இன்னும் இல்ல. நீ மொதல்ல கல்யாணத்தப் பாரு."

பந்தக்கால் நட்ட வீட்டுக்குக் கெட்ட சேதி போகக்கூடாது என்பார்கள் நம் ஆட்கள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். மறுவீடும் முடியட்டும் என்று இருந்துவிட்டேன். மேன்முறையீட்டுக்குக் கெடு இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்து சொல்ல நம் இரண்டு வீட்டிலும் கம்பஸ் போனவர்கள் யார் இருந்தார்கள்?

மூன்றாம் வாரம் நீயே வந்து பார்த்தாய். அழவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாய். உதவிப் பதிவாளர் தாளைப் பார்த்துவிட்டு, ஏன் பிந்தியது என்று கேட்டார்.

"லீவுல போட்டது தெரியாது சேர். இவ டவுன்லயே இருக்கா, இவளுக்கே தெரியல."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் உன் விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும் என்று பயம். சொல்லாமலும் விழுந்தது. காலம் கடந்ததால் பரிசீலிக்க முடியாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நீ இடைத் தேர்வு எழுதினாயா இல்லையா என்று யாரும் தேடிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதிப் பட்டம் வாங்கினாய். ஆனால் திரும்ப எழுதியவர்களுக்கு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று வகுப்புச் சித்தி கிடையாது; அது இல்லாதவர்களைக் கம்பஸில் படிப்பிக்க எடுக்கமாட்டார்கள். "கிளாஸ் எடுத்து இங்கயே படிப்பிக்கப் போறேன், அப்பாவ தேயிலை மலையிலருந்து எறக்கிருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. உன் அப்பா இன்னும் மலையில்தான் இருக்கிறார்.

பதில் வந்த அன்று பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது எனக்காக வந்து நின்னியே, அது போதும்டி" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உனக்கு வேலை கிடைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். போன வருடம் டெங்கு உன்னை மூன்றே நாளில் கொண்டுபோய்விட்டது. வார்டில் நீ கண் திறந்தபோதும், குணமாகி வரட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான்தானடி முதலில் பார்த்தேன். நீ என்னை நம்பியபடியே போய்விட்டாய்.