யூன் ஒன்பதா, செப்ரெம்பர் ஆறா

டோர்செட் பார்க், ரொறன்ரோ
ஒக்ரோபர் 19, 2025

அன்புள்ள சாம்பவிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் மகள் நதீஷா சொல்லிவிட்டாள். ஆகவே அதைக் கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கத் தேவையில்லை. நீங்கள் திரும்பிப் போயிருக்கும் பரந்தனில் பதினொரு மாடுகள் நிற்கின்றன என்றும், தன் அப்பா அகஸ்ரினுக்கு முழங்கால் நோவு என்றும், மழை பிந்துகிறது என்றும் சொன்னாள். உன் விலாசத்தை அவள்தான் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் எழுதித் தந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

1993 இல் நடந்ததைப் பற்றி எழுதுகிறேன். அளக்காமலே எண்களை எழுதினாய் என்று சொல்லி உன்னை ஆய்வுகூடத்திலிருந்து அனுப்பினார்கள். நீ அளந்துதான் எழுதினாய். பிழை என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு முப்பத்திரண்டு வருடம் எடுத்திருக்கிறது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் வைத்துவிட்டால் மிச்சத்தைச் சொல்ல எனக்கு இன்னொரு முறை துணிவு வராது. கடிதம் என்றால் எந்த வரியிலும் நீ நிறுத்திவிட்டுப் பிறகு எடுத்துப் படிக்கலாம்.

என் கதையை முதலில் சொல்கிறேன். யூன் மாதம் ஓய்வு பெற்றேன். கடைசிவரை அதே ஆராய்ச்சிப் பண்ணை, அதே வேலை. மாட்டுக்குப் போட்ட தீனை நிறுப்பது, மறுநாள் அது தின்னாமல் விட்டதை நிறுப்பது, கறந்த பாலை நிறுப்பது. நான் எழுதிய கட்டுரைகள் எல்லாம் அந்த மூன்று எண்களிலிருந்து வந்தவைதான். கடைசி நாளன்று கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் கறுப்பு வெள்ளை மாடு ஒன்று வரைந்திருந்தது. அதற்கு மடி இல்லை. வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

பண்ணைக்குப் பக்கத்து ஊரில் அவ்வளவு காலமும் நான் ஒருத்திதான் தமிழ். கதைக்க ஆள் வேண்டும் என்றுதான் யூலையில் இங்கே ஒன்பதாம் மாடிக்கு வந்தேன். கீழே இறங்கினால் எல்லாம் தமிழ்க் குரல்தான், ஆனால் ஒருவரையும் எனக்குத் தெரியாது. கோயிலில் ஒரு அன்ரி, எண்பது வயது இருக்கும், என்ன வேலை பார்த்தேன் என்று விசாரித்தார். சொன்னேன். "மாட்டுக்குச் சாப்பாடு போடவும் டொக்டர் பட்டம் வேணுமோ பிள்ளை?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது இதை உனக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இதற்குச் சரியான இடத்தில் சிரிக்கக்கூடிய ஆள் உன்னைத் தவிர எனக்கு வேறு இல்லை.

சில வாரங்களில் நான் வாய் திறந்து பேசுவது பாமசியில் மட்டும்தான். எனக்கு இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்டு. அஜின்கோர்ட்டில் அந்தக் கடையில் மருந்து எடுத்துத் தருகிற பெண் என் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அன்ரி, நீங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில அம்மாவோட இருந்த மங்கையோ?" என்றாள். உன் நதீஷா. ஓம் என்றேன். "அம்மா அந்த நாளைப் பற்றிக் கதைக்கவே மாட்டா. உங்கட படம் ஒண்டு மட்டும் அல்பத்தில இருக்கு" என்றாள். வயிறு அப்போதே சற்றுத் தெரிந்தது. மார்ச்சில் பிள்ளை என்றாள்.

இனி அந்தக் கோடை. உனக்குத் தெரிந்த கதைதான். நான் எதையும் விட்டுவிடாமல் சொல்கிறேனா என்று நீ பார்க்க வேண்டும், அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

மற்ற வயல்களைப்போல் ஒரேயடியாக வெட்டாமல், முற்ற விட்ட ஒரே வயல். யூன், யூலை, ஓகஸ்ட், செப்ரெம்பர் என்று நான்கு மாதமும், ஆறாம் திகதியிலிருந்து ஒன்பதாம் திகதி வரை, அந்த வயலின் புல்லை வெட்டி மாடுகளுக்குப் போட்டோம். முற்ற முற்றப் புல்லில் புரதம் குறையும், பாலும் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி. நான் கொட்டிலில் நின்றேன். ஒவ்வொரு நாளும் புல்லில் இரண்டு பை எடுத்து, திகதி எழுதி, பிறீசரில் வைத்தேன். செப்ரெம்பர் கடைசியில் நாளுக்கு ஒன்றாகப் பதினாறு பைகள் உன்னிடம் ஆய்வுகூடத்துக்கு வந்தன. நீ உலர்த்தி, நிறுத்து, புரதத்தை அளந்து கொப்பியில் ஏற்றினாய்.

உன் கொப்பியில் புல் நான்கே நாளில் முற்றியது. ஆறாம் திகதி இளம் புல், ஒன்பதாம் திகதி வைக்கோல் மாதிரி. யூனிலும் அப்படி, யூலையிலும் அப்படி. ஏறக்குறைய அதே நான்கு எண்கள் நான்கு முறை வந்திருந்தன. பேராசிரியர் எங்கள் இருவர் முன்னாலும் கொப்பியைத் திறந்து வைத்து, நான்கு பையை அளந்துவிட்டு மிச்சம் பன்னிரண்டுக்கும் பார்த்து எழுதியிருக்கிறாய் என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் அளந்தனான். மங்கை, நீ சொல்லு" என்று நீ தமிழில் சொன்னாய். நான் கொட்டிலில் நின்றவள், ஆய்வுகூடத்தில் நடந்தது எனக்குத் தெரியாது என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைக்கு அது உண்மை.

இங்கே நிறுத்திவிட்டேன். இன்று 21 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. நேற்று முழுக்க இந்தத் தாள் மேசையில் கிடந்தது.

பத்து நாள் கழித்து, பேராசிரியர் மீதிப் பதினாறு பைகளையும் என்னையே அளந்து பார்க்கச் சொன்னார். முதல் பையை எடுத்தேன். என் கையெழுத்தில் 9/6 என்று இருந்தது. நான் எழுதியது யூன் ஒன்பது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் படித்தபடி நாளை முதலில், மாதத்தைப் பிறகு. உன் கொப்பியில் 9/6 எங்கே என்று தேடினேன். செப்ரெம்பர் ஆறு என்று ஏற்றியிருந்தாய். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நீ வந்து சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது: "இவையள் மாதத்தைத்தான் முதல் போடுகினம். நீயும் அப்பிடியே எழுது, சரியோ." நான் ஓம் என்றேன். பிறகு என் கை தன் பழக்கத்தில் எழுதியது. நாள்களும் ஆறு முதல் ஒன்பது, மாதங்களும் ஆறு முதல் ஒன்பது. பதின்மூன்று என்று ஒரு நாள் இருந்திருந்தால்கூட நீ கண்டுபிடித்திருப்பாய். யூன் ஆறு, யூலை ஏழு, ஓகஸ்ட் எட்டு, செப்ரெம்பர் ஒன்பது, அந்த நான்கு நாள்கள் மட்டும் எப்படி வாசித்தாலும் சரி. மற்றப் பன்னிரண்டும் இடம் மாறிவிட்டன. திகதிகளைத் திருப்பிப் போட்டால் உன் எண்களில் ஒரு பிழையும் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கால் மணி நேரம்தான் எடுத்தது.

அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது நீ புட்டு அவித்து வைத்திருந்தாய். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, "ரெண்டாவது பையள் என்ன சொல்லுது?" என்று கேட்டாய். "இன்னும் முடியேல்லை" என்றேன். அதன் பிறகு நீ கேட்கவில்லை. நவம்பர் கடைசியில் உன் பெட்டிகளைக் கட்டினாய். நான் லிப்ற் வரைக்கும் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தேன்.

காரணம் என்று நான் எதைச் சொன்னாலும் அது சின்னதாகத்தான் இருக்கும். கலாநிதிப் படிப்புக்கு ஓரிடம்தான் இருந்தது. பையில் திகதி எழுதத் தெரியாதவள் என்று என்னை நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். என் அளவுகள் ஒழுங்காக வந்தபோது பேராசிரியர், அப்படியானால் அவள் பொய்தான் எழுதியிருக்கிறாள் என்றார். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து துடைத்தேன். 1995 இல் கட்டுரை வந்தது. முற்றிய புல் மாட்டின் வயிற்றை நிரப்பும், பசியைத் தீர்க்காது என்று அதில் எழுதினேன். இன்றுவரை அதை மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு வேலை கிடைத்தது அதனால்தான். உனக்கு வேறெந்த ஆய்வுகூடத்திலும் இடம் கிடைக்கவில்லை என்றும், பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறாய் என்றும் பிறர் சொல்லி அறிந்தேன்.

இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் போன மாதம் வரை நினைத்திருந்தேன். மருந்து எடுக்கப் போனபோது நதீஷா ஒரு சீட்டில் திகதி போட்டாள். மாதத்தை எழுத்தில் எழுதினாள். இங்கே பிறந்த பிள்ளை, எல்லாரும் எண்ணில் போடுகிற இடம். ஏன் என்று கேட்டேன். "அம்மா பழக்கினது அன்ரி. ஸ்கூல் கொப்பியில நம்பரில போட்டா அந்தப் பக்கத்தையே கிழிச்சுத் திரும்ப எழுத வைப்பா. ஏனம்மா எண்டு கேட்டா, 'மாதத்துக்கு ஒரு பேர் இருக்கெல்லோ' எண்டுவா. அவ்வளவுதான்" என்று சிரித்தாள்.

நான் மருந்தை எடுக்காமல் கதவு வரை போய்விட்டேன். அவள் கூப்பிட்டுத் தந்தாள்.

ஆகவே உனக்குத் தெரியும். எப்போதிருந்து? 2006 இல் ஒரு கலியாண மண்டபத்தில் நீ என்னிடம் வந்து "எப்பிடி உன்ர மாடுகள்?" என்று கேட்டபோது தெரிந்திருக்கும், நதீஷா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்கும் முன்பா? நான் "இன்னும் முடியேல்லை" என்று சொன்னபோதே தெரிந்துதான் கோப்பையில் எனக்கு இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாயா? இதை மட்டும் எனக்குச் சொல்ல முடியுமானால் சொல்லு.

செய்யக்கூடியதைச் செய்திருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். பேராசிரியர் இறந்துவிட்டார், அந்தக் காலத்துக் கோப்புகள் இல்லை, உன் வேலை ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை என்பதைத் தவிர எந்தக் குற்றமும் பதிவில் இல்லை என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். கட்டுரை வந்த இதழுக்கும் எழுதினேன். உன் அளவுகள் சரியானவை, அதை அறிந்தும் நான் மறைத்தேன் என்று என் பெயரில் ஒரு குறிப்பு வெளியிடச் சம்மதித்திருக்கிறார்கள். அதில் உன் பெயர் வருவதால் உன் கையெழுத்து வேண்டும். படிவம் இத்துடன் இருக்கிறது. உன் கொப்பியின் இரண்டு பக்கங்களின் பிரதியும் இருக்கிறது. அந்தக் கொப்பியை நான் எறியவில்லை. நீ கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கவில்லை. போடாவிட்டாலும் அது உன் உரிமை.

மார்ச்சில் நீயும் அகஸ்ரினும் இங்கே வருவீர்கள். நதீஷாவுக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் எல்லாம் நல்லபடி முடியட்டும். வருகிற நேரம் இன்னும் பனி இருக்கும், முழங்கால் வரை வருகிற சப்பாத்தாகக் கொண்டு வரச் சொல்லி அகஸ்ரினிடம் சொல்லு. நீ இங்கே நிற்கும் நாள்களில் நான் உங்கள் கண்ணில் படக்கூடாது என்றால் நதீஷாவிடம் ஒரு சொல் சொல்லிவிடு. அவளுக்குக் காரணம் சொல்ல வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். மருந்தை வேறு கடைக்கு மாற்றிக்கொள்வேன்.

நான் வரலாம் என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். வருவேன்.

என்றும் உன்,
மங்கையற்கரசி